நகைப்பெட்டியும் ஐப்பசி மழையும்

கொடுமுடியில் ஐப்பசி பிறந்துவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஏதேனும் ஒரு கதவு அடம்பிடிக்கத் தொடங்கிவிடும். சித்திரையில் ஒரு விரலால் தள்ளினாலே திறந்த கதவு, அடைமழைக்குப் பின் தோளால் இடித்தால்தான் அசையும். தை கழிந்து மாசி வெயில் ஏறியதும் அதே கதவு பழையபடி இலகுவாக ஆடும். இடையில் யாரும் அதை இழைக்கவில்லை. எண்ணெய் விடவும் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதவு இருக்கக்கூடும். அது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

நான் எண்ணிப் பார்க்கவில்லை. கல்லூரியில் வெப்ப விரிவைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான். ஆயினும் கதவு காட்டிய பாடத்தைக் கவனிக்கத் தவறினேன். அதற்கான விலையை என் தங்கையின் திருமணத்தன்று கொடுக்க நேர்ந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. என் கையாலேயே ஒரு தேக்கு நகைப்பெட்டி செய்து தர எண்ணினேன். கோடை விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். பெட்டி, அதற்குள் தூக்கி எடுக்கக்கூடிய ஒரு தட்டு, தட்டில் எட்டு அறைகள். தட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் இடைவெளிதான் விட்டேன். தட்டை மேலிருந்து விட்டால் காற்று மெல்ல வெளியேற, அது மிதப்பதுபோல் இறங்கும். பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். எனக்கும் பெருமைதான்.

திருமணம் ஐப்பசியில் நடந்தது. இரு வாரங்களாக விடாத மழை. முகூர்த்தத்திற்கு ஒரு மணி நேரம் இருக்கையில், தட்டுக்கு அடியில் வைத்திருந்த அம்மாவின் காசுமாலையை எடுக்கப் போனாள் தங்கை. தட்டு அசையவில்லை. நான் இழுத்தேன், மாமா இழுத்தார், கைப்பிடி நாடா அறுந்ததுதான் மிச்சம். பெட்டியின் ஒரு மூலையில் மூட்டு விரிந்து இடைவெளி தெரிந்தது. முடிவில் பக்கத்துத் தெருவில் இருந்த முதிய ஆசாரியார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். மெல்லிய உளி ஒன்றை எடுத்து, தட்டின் மூன்று குறுக்குத் தடுப்புகளிலும் கொட்டாப்புளியால் ஒவ்வொரு தட்டுத் தட்டினார். மூன்றும் மேலிருந்து கீழாகப் பிளந்தன. உடனே தட்டு வெளியே வந்தது.

“ஏனுங் தம்பி, வெட்டிப் போட்டாலும் மரம் மழைய மறக்காதுங்க” என்று சொல்லிவிட்டு அவர் பந்திக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வரியில் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம். அத்துடன், எந்த மழையிலும் சிக்காத ஒரு நகைப்பெட்டியைச் செய்யும் முறையையும் பார்ப்போம்.

அறைகள் எதற்கு?

முதலில் ஓர் எளிய கேள்வி. நகைகளை ஒரே பெட்டியில் மொத்தமாகப் போட்டு வைத்தால் என்ன? தடுப்புகள் அழகுக்காக மட்டுமா?

இல்லை. 1812-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கனிமவியலார் பிரெடரிக் மோஸ் என்பவர் பொருள்களின் கடினத்தன்மைக்கு ஒரு வரிசையை வகுத்தார். எந்தப் பொருள் எதைக் கீறுகிறதோ அது வரிசையில் மேலே நிற்கும். வைரத்திற்கு 10, மாணிக்கமும் நீலமும் 9, பச்சைக்கல் ஏறத்தாழ 7.5 முதல் 8. ஆற்று மணலில் உள்ள படிகக்கல் 7. பொன்னும் வெள்ளியும் 2.5 முதல் 3 வரைதான். முத்தும் அவற்றை ஒட்டிய மென்மையான பொருளே. நம் நகத்தின் கடினத்தன்மையும் ஏறத்தாழ 2.5 என்றால் பொன்னின் மென்மை விளங்கும்.

ஆகவே வைரத்தோட்டையும் முத்துமாலையையும் ஒன்றாகப் போட்டு வைப்பது, அரத்தையும் வாழைப்பழத்தையும் ஒரே பையில் போடுவது போன்றதாகும். பெட்டியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கல் பொன்னை உரசும். வீட்டுத் தூசியில் கலந்துள்ள நுண்மணலும் பொன்னைக் கீறவல்லது. எனவே நகைப்பெட்டிக்குத் தனித்தனி அறைகளும் நன்கு படியும் மூடியும் தேவை.

கொங்கு நாட்டுக்கும் மணிகளுக்கும் உள்ள உறவு பழமையானது. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில், கல்மணிகள் செய்யும் தொழில் நடந்ததற்கான சான்றுகள் கிடைத்துள்ளன. காங்கயத்தை அடுத்த படியூர்ப் பகுதி பச்சைக்கல் வகைக்குப் பெயர் பெற்றது. கடினமான கல்லைத் தேய்த்து மணியாக்க அதைவிடக் கடினமான பொடி வேண்டும். மோஸ் வரிசைப்படுத்தியதை அந்தக் கைவினைஞர்கள் தொழிலிலேயே அறிந்திருந்தனர் எனலாம்.

வெப்பமா, ஈரமா?

இனி நம் பெட்டிக்கு வருவோம். தட்டு சிக்கியதும் என் மனத்தில் முதலில் தோன்றியது வெப்ப விரிவுதான். பொருள்கள் சூடேறினால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அப்படியானால் சித்திரை வெயிலில் இறுகி, ஐப்பசிக் குளிரில் தட்டு தளர்ந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு!

அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மரத்தின் இழைகளுக்குக் குறுக்கே வெப்ப விரிவு, ஒரு டிகிரி செல்சியசுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 35 பங்கு. தட்டின் உள் அகலம் 163 மி.மீ. கோடைக்கும் மழைக்கும் வெப்பநிலை 10 டிகிரி வேறுபட்டால், நீள மாற்றம் 163 × 10 × 0.000035, அதாவது ஏறத்தாழ 0.06 மி.மீ. ஒரு தாளின் தடிமன்கூட இல்லை. தட்டைச் சிக்கவைக்க இது போதாது. எனவே குற்றவாளி வெப்பம் அன்று, காற்றிலுள்ள ஈரமே.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் இவ்விரு விளைவுகளையும் ஒருங்கே காணலாம். மரச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடும்போது, பட்டையைத் தீயில் பழுக்கக் காய்ச்சுவார்கள். அது விரிந்ததும் சக்கரத்தில் மாட்டி, நீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். இரும்பு சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இது வெப்ப விரிவு. ஆனால் கடுங்கோடையில் மரம் காய்ந்து சுருங்கும். பட்டை தளர்ந்து ஓசையிடும். அப்போது வண்டிக்காரர் என்ன செய்வார்? சக்கரத்தை ஆற்றிலோ வாய்க்காலிலோ ஊறவைப்பார். மரம் பருத்துப் பட்டையை மீண்டும் இறுக்கும். இது ஈர விரிவு. இரும்பின் இயல்பு தீயிலும் மரத்தின் இயல்பு நீரிலும் வெளிப்படுகிறது.

மரத்தின் உள்ளே

ஒரு மரத்துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், அது நெருக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுப் போலத் தோன்றும். ஒவ்வொரு வைக்கோலும் ஓர் உயிரணு. நீண்டது, உள்ளே குழாய் போன்றது. மரம் உயிரோடு நிற்கையில் குழாய்க்குள்ளும் நீர் உண்டு. குழாயின் சுவருக்குள்ளும் நீர் உண்டு.

வெட்டிய மரம் உலரும்போது முதலில் குழாய்க்குள் இருக்கும் நீர் வெளியேறுகிறது. அப்போது எடை குறையுமே தவிர அளவு மாறாது. தண்ணீரை ஊற்றிவிட்டால் குடம் சுருங்குவதில்லை அல்லவா? மரத்தின் ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் குறைந்த பின்னரே சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. மரம் சுருங்குவது அதன் பிறகுதான்.

சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனது. செல்லுலோஸ் மூலக்கூறுகளில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த முனைகள் நிறைந்துள்ளன. நீர் மூலக்கூறுகளை அவை விரும்பிப் பற்றிக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்தால் நீர் மூலக்கூறுகள் சுவருக்குள் நுழைந்து செல்லுலோஸ் இழைகளை ஒன்றைவிட்டு ஒன்று விலக்குகின்றன, சுவர் பருக்கிறது. காற்று உலர்ந்தால் அவை வெளியேறுகின்றன, சுவர் மெலிகிறது. மரத்தை வெட்டி நூறு ஆண்டுகள் ஆனாலும் இந்தப் போக்குவரத்து நிற்பதில்லை. ஆசாரியார் சொன்ன ‘மறக்காமை’ இதுதான்.

இந்த இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. கயிறுகளை அடுக்கி அவற்றின் இடையே பஞ்சைத் திணித்தால் அடுக்கு பக்கவாட்டில் பெருக்குமேயன்றிக் கயிறு நீளாது. மரமும் அப்படியே. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை தேக்கு நீளவாக்கில் 0.1 முதல் 0.2 விழுக்காடு அளவே சுருங்கும். ஆனால் குறுக்கே, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும், வளையங்களைத் தொடரும் திசையில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும் சுருங்கும். ஆக, மரம் திசைக்கொரு குணம் உடையது. இதை மறந்து மரவேலை செய்பவர் மழையிடம் தோற்பது உறுதி.

பல வகை மரங்களின் வெட்டுமுகங்களைக் காண விரும்பும் மாணவர்கள் கோவைக்குச் செல்லும்போது, 1902-இல் நிறுவப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தை நினைவில் கொள்ளலாம். அங்குச் சேர்த்து வைக்கப்பட்டுள்ள மர மாதிரிகளில் வளையங்களையும் இழைகளையும் கண்ணாலேயே காணலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடாக நெடுநாள் நிலைத்தால் மரம் தன்னுள் ஏறத்தாழ 7.5 விழுக்காடு ஈரத்தோடு அமைதியடையும். 65 விழுக்காட்டில் அது 12 ஆகும். 80 விழுக்காட்டில் 16 ஆகும். நம் பகுதியில் கோடைப் பகலின் வறட்சியும் அடைமழை நாள்களின் ஈரமும் எவ்வளவு வேறுபடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கோடையில் 8 விழுக்காடு ஈரத்துடன் இருந்த என் மரம் ஐப்பசியில் 14 விழுக்காட்டை அடைந்தது என்று கொள்வோம். மாற்றம் 6 விழுக்காடு.

தேக்கு 30 விழுக்காடு ஈரத்தை இழக்கையில் வளையத் திசையில் 5.8 விழுக்காடு சுருங்குகிறது. எனவே ஒரு விழுக்காடு ஈரத்திற்கு 5.8 ÷ 30, அதாவது ஏறத்தாழ 0.193 விழுக்காடு. ஆறு விழுக்காட்டுக்கு 1.16 விழுக்காடு. தட்டின் அகலமான 163 மில்லிமீட்டரில் இது 1.9 மி.மீ. ஆகிறது! வெப்பம் உண்டாக்கும் மாற்றத்தைப் போல இது முப்பது மடங்கு.

இப்போது என் தவறு உங்களுக்கே புலப்பட்டிருக்கும். அடிப்பலகையில் வெட்டியது போக எஞ்சிய துண்டுகளில் குறுக்குத் தடுப்புகளைச் செய்தேன். துண்டின் வடிவம் வசதியாக இருந்ததால், இழைகள் மேலும் கீழுமாக நிற்கும்படி வெட்டிவிட்டேன். ஆகவே தடுப்பின் நீளமே மரத்தின் குறுக்குத் திசையாயிற்று. மழையில் மூன்று தடுப்புகளும் ஏறத்தாழ 2 மி.மீ. நீண்டு, தட்டின் சுவர்களை வெளியே தள்ளின. நான் விட்டிருந்த மொத்த இடைவெளியோ 1 மி.மீ. தட்டு பெட்டிக்குள் ஆப்புப் போல இறுகிவிட்டது.

ஆசாரியார் உளியால் தட்டியதும் தடுப்புகள் எளிதில் பிளந்ததற்கும் காரணம் இதுவே. மரம் இழைகளின் வழியே பிளக்கும். இழைகளுக்குக் குறுக்கே எளிதில் உடையாது. இழை நிற்கும் திசையை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார்.

மூலை விரிந்தது இரண்டாவது தவறு. பெட்டியின் அடிப்பலகையை நான்கு பக்கமும் பசையிட்டு இறுக்கியிருந்தேன். பருக்க இடமில்லாத பலகை, சுவரைத் தள்ளி மூட்டைத் திறந்துவிட்டது.

முன்னோர் கண்ட வழி

இச்சிக்கலை நம் தச்சர்கள் என்றோ தீர்த்துவிட்டனர். பழைய வீட்டுக் கதவைப் பாருங்கள். அகன்ற ஒரே பலகையாக அது இராது. குறுகிய சட்டங்களால் ஆன கூடு. நடுவே மெல்லிய பலகைகள். அப்பலகைகளுக்கு ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சட்டத்தின் காடியில் அவை தளர்வாக உட்கார்ந்திருக்கும். மழையில் பலகை காடிக்குள் பருக்கும், வெயிலில் சுருங்கும். கதவின் வெளி அளவை நிர்ணயிப்பது சட்டமே. சட்டம் குறுகியதாதலால் அதன் மாற்றமும் சிறிதே. ஆனால் சிறிது என்பது சுழியன்று. அதனால்தான் இடைவெளியின்றிப் பொருத்திய கதவு மழையில் நிலையில் பிடிக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், மலபாரில் நெட்டூர்ப்பெட்டி என்னும் நகைப்பெட்டி பெயர் பெற்றது. கூரை போல நாற்புறமும் சரிந்த மூடியும், பித்தளைப் பட்டைகளும் அதன் அடையாளம். ஈட்டி மரத்தால் செய்த இப்பெட்டிகள் பல தலைமுறைகளாகக் குடும்பங்களில் போற்றப்படுகின்றன. பித்தளை ஈரத்தால் பருக்காது. எனவே மூலைகளில் மரம் தளர முயன்றாலும் பித்தளை பிடித்து நிறுத்தும். நம் சமையலறையில் இருந்த மர அஞ்சறைப் பெட்டியும் அறைகள் கொண்ட பெட்டியே. ஈரக்கை நாளும் படும் இடம் அது. அதன் மூடியைச் சற்றுத் தளர்வாக வைத்தது அறியாமையால் அன்று.

பெட்டியைச் செய்வோம்

இனி நாமும் ஒரு பெட்டி செய்வோம். வெளி அளவு 300 × 200 மி.மீ., உயரம் 110 மி.மீ. பலகையின் கனம் 12 மி.மீ. எனில் உள் அளவு 276 × 176 மி.மீ.

முதல் விதி: நான்கு சுவர்களிலும் இழைகள் படுக்கைவாட்டில் ஓடவேண்டும். அப்போது பெட்டியின் நீளமும் அகலமும் மரத்தின் நீளவாக்கில் அமையும். மழை அவற்றை மாற்றாது. உயரம் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். நான்கு சுவர்களும் ஒன்றாகவே உயர்வதால் தீங்கில்லை. மூலைகளுக்குப் புறாவால் மூட்டு சிறந்தது. புறாவின் விரிந்த வால் போன்ற நாக்கு, எதிர்ப் பலகையின் வெட்டில் மாட்டிக்கொள்ளும். பசை விட்டுப்போனாலும் ஒரு திசையில் அதை இழுத்துப் பிரிக்க முடியாது. பலகையின் வெட்டுமுனையில் பசை வலுவாகப் பிடிப்பதில்லை என்பதால், வெறுமனே முனைகளை ஒட்டி மூட்டுச் செய்வது தவறு.

இரண்டாம் விதி: அடிப்பலகையைப் பசையிட்டு இறுக்காதீர்கள். சுவர்களின் அடியில் 5 மி.மீ. ஆழத்திற்குக் காடி எடுங்கள். இரு பக்கக் காடிகளையும் சேர்த்தால் அகலவாக்கில் கிடைக்கும் இடம் 186 மி.மீ. கோடையில் செய்வதானால் பலகையை 183 மி.மீ. அகலத்திற்கு வெட்டுங்கள். மழையில் அது 2.1 மி.மீ. பருத்தாலும் இடம் மிஞ்சும். இப்போதும் ஒவ்வொரு பக்கமும் 3.5 மி.மீ. காடிக்குள் இருப்பதால் வெளியே வராது. மழைக்காலத்தில் செய்வதானால் 185.5 மி.மீ. வெட்டலாம், இனி அது சுருங்கத்தானே போகிறது! பலகையின் இரு முனைகளின் நடுவில் மட்டும் ஒரு சொட்டுப் பசை இட்டால், அது இருபுறமும் சமமாகப் பருக்கும்.

பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்தினால் இத்தொல்லை இல்லை. அதில் மெல்லிய மர ஏடுகள், ஒன்றின் இழை மற்றதற்குக் குறுக்காக அமையும்படி ஒட்டப்பட்டுள்ளன. ஓர் ஏடு பருக்க விரும்பும் திசையில் அடுத்த ஏடு அதைப் பிடித்துக்கொள்கிறது.

தடுப்புகளைப் பொருத்துதல்

தட்டின் வெளி அளவு 275 × 175 மி.மீ. இருக்கட்டும். சுவர்க் கனம் 6 மி.மீ. எனில் உள் அளவு 263 × 163 மி.மீ. அடிக்கு 3 மி.மீ. ஒட்டுப்பலகை போதும். தடுப்புகளின் கனம் 5 மி.மீ. நெடுக்கே ஒன்று, குறுக்கே மூன்று. ஒவ்வோர் அறையின் அளவு என்ன? நீளத்தில் (263 − 15) ÷ 4 = 62 மி.மீ.; அகலத்தில் (163 − 5) ÷ 2 = 79 மி.மீ. எட்டு அறைகள் கிடைக்கின்றன.

இங்குத் தொடக்கக்காரர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஓர் அறையை அளந்து கோடிட்டு, அதிலிருந்து அடுத்ததை அளந்து, அதிலிருந்து அதற்கடுத்ததை அளப்பது. ஒவ்வொரு தடுப்பும் 0.3 மி.மீ. மட்டும் தடித்துவிட்டால், கடைசி அறைக்கு வரும்போது 0.9 மி.மீ. குறைந்திருக்கும். சிறு பிழைகள் ஒரே திசையில் சேர்ந்தால் பெரும்பிழையாகும் என்பது ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற பாடமே. எல்லாக் கோடுகளையும் ஒரே முனையிலிருந்து அளந்து குறியுங்கள். அதைவிட நல்லது, மெல்லிய குச்சி ஒன்றில் எல்லாக் குறிகளையும் ஒரே தடவை இட்டு, அக்குச்சியையே எதிரெதிர்ச் சுவர்களில் வைத்துக் குறிப்பது. குச்சியில் தவறு இருந்தாலும் இரு பக்கமும் அதே தவறுதான் இருக்கும், தடுப்பு கோணாது.

சுவர்களில் குறித்த இடங்களில் 2 மி.மீ. ஆழத்திற்குச் சிறு காடிகள் எடுங்கள். எனவே குறுக்குத் தடுப்பின் நீளம் 167 மி.மீ.; நெடுக்குத் தடுப்பின் நீளம் 267 மி.மீ. தடுப்பின் நீளவாக்கிலேயே இழை ஓடவேண்டும் என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை!

இரு தடுப்புகள் சந்திக்கும் இடத்தில் என்ன செய்வது? தடுப்பின் உயரம் 30 மி.மீ. எனில், குறுக்குத் தடுப்புகளில் மேலிருந்து 15 மி.மீ. ஆழத்திற்கும், நெடுக்குத் தடுப்பில் கீழிருந்து 15 மி.மீ. ஆழத்திற்கும் 5 மி.மீ. அகல வெட்டு எடுங்கள். ஒன்றை மற்றதில் இறக்கினால் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். வெட்டுகளின் ஆழம் சேர்ந்து 30-க்குக் குறைந்தால் தடுப்பு மேலே துருத்தும்; கூடினால் இடைவெளி விழும்.

வெட்டு எடுத்தபின் தடுப்பை மென்மையாகக் கையாளுங்கள். ஒரு சட்டம் வளைவைத் தாங்கும் வலிமை அதன் உயரத்தின் இருமடியைப் பொறுத்தது. உயரம் பாதியானால் வலிமை கால்பங்காகிவிடும். ஆனால் தடுப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டபின், ஒன்றின் நலிந்த இடத்தில் மற்றது துணை நிற்கிறது.

வெட்டின் அகலத்தை அளவுகோலால் முடிவு செய்யாதீர்கள். பொருந்த வேண்டிய தடுப்பையே வெட்டின்மேல் நிறுத்திக் கூரிய கத்தியால் குறியுங்கள். கோட்டுக்கு உட்புறமாக அறுத்து, மீதியை உளியாலும் உப்புத்தாளாலும் சிறிது சிறிதாக எடுங்கள். கைவிரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் அது மிக இறுக்கம். ஐப்பசியில் 5 மி.மீ. தடிமனும் சற்றுக் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. பலகையின் வெட்டுமுனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் அகன்ற முகத்திற்குச் செங்குத்தாக நின்றால், அகலவாக்கில் ஆரத் திசைச் சுருக்கம் மட்டுமே நிகழும். மாற்றம் பாதிக்கும் கீழே குறையும். கோடுகள் படுத்திருந்தால் மாற்றம் மிகும். பலகை குழிவதும் உண்டு.

வெல்வெட்டு வைக்கும் முன்

அட்டையில் வெல்வெட்டு ஒட்டி ஒவ்வொரு முகத்திலும் பதிப்பதானால், அதன் கனத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கனம் 1.5 மி.மீ. எனில் ஒவ்வோர் அறையிலும் நீளத்தில் 3 மி.மீ., அகலத்தில் 3 மி.மீ. குறையும். 62 × 79 என்பது 59 × 76 ஆகிவிடும். வளையலுக்கு அறை வகுப்பவர் இதை மறந்தால் வளையல் அறைக்குள் இறங்காது.

பசையும் வார்னிஷும் நன்கு காய்ந்த பின்னரே நகையை வையுங்கள். மரத்திலிருந்தும் சில பசைகளிலிருந்தும் அசெட்டிக் அமில ஆவி வெளிப்படுவதுண்டு. முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் அதன் பகை. வெள்ளிக் கொலுசு கறுப்பதற்குக் காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு காரணம். மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு படிகிறது. கந்தகம் கலந்த ரப்பர் வளையத்தால் கொலுசைக் கட்டி வைத்தால் கறுப்பு விரைவில் ஏறும். பருத்தி நூலால் கட்டுங்கள்.

வார்னிஷ் பூசிவிட்டால் மரத்தில் ஈரம் ஏறாது என்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர, தடுத்துவிடாது. ஒரு நாள் மழையை அது சமாளிக்கும். ஒரு மாத மழையை அல்ல. ஈரம் மரத்திற்குள் ஊடுருவ ஆகும் காலம், தோராயமாகக் கனத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். 25 மி.மீ. பலகைக்கு ஆகும் காலத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கே 5 மி.மீ. தடுப்புக்கு ஆகும். மெல்லிய தடுப்புகளே மழையை முதலில் உணர்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

இதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். ஒரே பலகையிலிருந்து 150 மி.மீ. நீளமுள்ள இரு மெல்லிய பட்டைகளை வெட்டுங்கள். ஒன்றில் இழை நீளவாக்கில் ஓடட்டும். மற்றதில் குறுக்கே ஓடட்டும். வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, இரண்டின் நீளத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து, எடையும் பாருங்கள். பின் ஈரத்துணி தொங்கும் மூடிய வாளியில், தண்ணீர் படாமல் பத்து நாள் தொங்கவிடுங்கள். மறுபடியும் அளந்து ஒப்பிடுங்கள்.

மரத்தின் ஈரத்தைக் கண்டறிய விரும்பினால், பட்டையைக் கல்லூரி ஆய்வுக்கூட உலர்கலனில் 103 டிகிரி செல்சியசில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். 54 கிராம் பட்டை 48 கிராமாகக் குறைந்தால், வெளியேறிய நீர் 6 கிராம். உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரம் 12.5 விழுக்காடு. மரத்தின் ஈரத்தை எப்போதும் உலர்ந்த எடையோடுதான் ஒப்பிடுவது வழக்கம்.

திருமணத்திற்கு அடுத்த கோடையில் தங்கைக்கு இரண்டாவது பெட்டி ஒன்றைச் செய்தேன். தடுப்புகளை வெட்டுமுன் ஒவ்வொரு துண்டையும் ஆசாரியாரிடம் காட்டினேன். அவர் அளவுகோலைத் தொடவே இல்லை. முனையைத் திருப்பி வளையத்தைப் பார்த்தார், விரலால் இழையைத் தடவினார், இரண்டு துண்டுகளை ஒதுக்கினார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் ஒதுக்கிய இரண்டும் ஒதுக்க வேண்டியவையே.

அந்தப் பெட்டி இப்போது சில ஐப்பசிகளைக் கண்டுவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் அடைமழை நாளில் தங்கை தொலைபேசியில் அழைத்து, தட்டு எளிதாக வருகிறது என்று சொல்வாள். சென்ற முறை அவளே இன்னொன்றும் சொன்னாள்: “தட்டு நல்லா வருதுங்ணா. பீரோக் கதவுதான் பிடிக்குது.”